பாஸுக்குத் தெரியும்

கோலாலம்பூரில் இறங்கிய முதல் நாளே ஆறு பேர் என்னை ‘பாஸ்’ என்று கூப்பிட்டார்கள். டாக்சிக்காரர், சிம் கார்டு விற்றவர், விடுதியில் சாவி கொடுத்தவர், தேநீர்க் கடைக்காரர், அந்தக் கடையில் பக்கத்து மேசையில் உப்பு கேட்டவர், தவறான பாதையில் போய்க்கொண்டிருந்த என்னைத் திருப்பிவிட்ட காவலாளி. நம் ஊரிலும் இளவட்டங்கள் அப்படிக் கூப்பிடுவதுண்டுதான். ஆனால் ஐம்பத்து நான்கு வயதில், இரத்த அழுத்த மாத்திரையும் வெந்நீர் பிளாஸ்க்குமாக வந்து இறங்கிய ஒருவனை பாஸ் என்று சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் மனம் வரும். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். திருச்சியில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் கேட்கவே வேண்டாம்.

அந்தச் சந்தோஷத்தைத் தவிர மற்றதெல்லாம் பயம். நான் குழு ஆலோசனை நடத்துகிறவன். ஒரே மாதிரிக் கஷ்டம் உள்ள எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவது என் தொழில். ஆலோசனை என்று பெயரே தவிர, நான் ஆலோசனை எதுவும் சொல்வதில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். குடிப்பவர்களின் மனைவிமார், பரீட்சையில் தோற்ற பிள்ளைகள், சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் என்று இருபது வருடமாக ஓட்டியாகிவிட்டது. எல்லாம் திருச்சியைச் சுற்றித்தான். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு சின்ன நல அமைப்பு, எட்டு நாள் வந்து மூன்று விதமான ஆட்களோடு நடத்திக் காட்டுங்கள் என்று கூப்பிட்டபோது சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து நோட்டில் குறிப்பு எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

இரண்டாம் நாள் காலை தேவிகா வந்தார். அந்த அமைப்பின் ஆலோசகர், நாற்பது வயதிருக்கும். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகக் கார் ஓட்டுவார்.

“பசியாறிட்டீங்களா சார்?”

இங்கே சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு அதுதான் சொல். கேட்கவே இதமாக இருந்தது. ஒன்றும் இறங்கவில்லை என்றேன்.

“டென்ஷன் ஆகாதீங்க லா. ரொட்டி சானாய் ஒண்ணு சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்.”

பேச்சின் வாலில் ஒரு ‘லா’ போடுவது இந்த ஊர்ப் பழக்கம். ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் பங்காளிதான். பருப்புக் குழம்பை மேலேயே ஊற்றிக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். எல்லாம் சரியாகிவிடவில்லை.

முதல் குழு, கண் தெரியாதவர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மசாஜ் தொழிலில் இருக்கிறவர்கள் பாதி. ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருபது வருடமாகச் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே சொன்னேன்: “ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிற மாதிரி வட்டமா உட்காருங்க.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“சார்,” என்றார் மணியம் என்ற பெரியவர், “முகத்த பாக்கற வேலைக்கு நாங்க ரொம்ப நாளா லீவு லா.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர்களே எனக்கு முறை சொல்லிக்கொடுத்தார்கள். பேசுவதற்கு முன் பெயரைச் சொல்ல வேண்டும். தலையாட்டுவதற்குப் பதில் ‘ம்’ கொட்ட வேண்டும். யாராவது அழுதால் பக்கத்தில் இருப்பவர், அழுகிறார் என்று எல்லோருக்கும் சொல்லலாமா என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். அடிக்கோடு போட்டது நோட்டில் இருந்ததே தவிர, புத்தியில் ஏறவில்லை என்று பின்னால் தெரிந்தது.

மூன்றாம் நாள் கேரி தீவு. சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள், ஒரே உயரம், ஒரே இடைவெளி. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பதினொரு பேர் ஒரு கோயில் மண்டபத்தில் காத்திருந்தார்கள். நான் பட்டியலை எடுத்துப் பெயர்களைக் கூப்பிட்டேன். முதல் பெயருக்கு ஒருவர் எழுந்து நின்றார். இரண்டாவது பெயருக்கு இன்னொருவர். கடைசியில் பதினொரு பேரும் ஒரே வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

தேவிகா என் காதில் சொன்னார்: “சார், பெரட்டு எடுக்கறீங்க. அந்தக் காலத்துல விடியக்காலைல மண்டோர் இப்படித்தான் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவாங்க. லிஸ்ட்ட உள்ள வைங்க.”

வைத்தேன். ஆனாலும் அன்று முழுவதும் அவர்கள் என்னிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்லவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது ஐயா என்றே சொன்னார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் வேறு என்ன சொல்வார்கள்? நான் தேநீர் வாங்கப் போவதாக வெளியே போனபோது உள்ளே ஒரே பேச்சு. திரும்பி வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு நாளில் இரண்டு குழு, இரண்டிலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே தப்பு. மூன்றாவதில் என்ன செய்யப் போகிறேனோ என்ற நினைப்பிலேயே அன்றைய வாழை இலைச் சாப்பாட்டில் ரசத்தை மோரென்று நினைத்துக் குடித்தேன்.

நான்காம் நாள் தேவிகாவின் கார் பட்டறைக்குப் போய்விட்டது. அவரும் வர முடியவில்லை. மூன்றாவது குழு இருக்கும் கிள்ளானுக்கு ரயிலில் தனியாகப் போங்கள், ஒரே வண்டி, மாறவே வேண்டாம் என்றார். மாறவில்லை. வந்து நின்ற பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். குளிரூட்டி, காலி இருக்கை, சொகுசு. இரண்டு நிலையம் போன பிறகுதான் பெட்டியில் என்னைத் தவிர ஆண்பிள்ளையே இல்லை என்பது உறைத்தது. எதிரே இருந்த மலாய்ப் பெண்மணி, மகளிடம் ஏதோ சொன்னார். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் எனக்காக மொழிபெயர்த்தாள்.

“அங்கிள், அந்த ஆன்டி, ‘பாவம், படிக்கத் தெரியாதவர் போல’ன்னு சொல்றாங்க. இது லேடிஸ் கோச்.”

கதவு, ஜன்னல், தூண் எல்லாவற்றிலும் இளஞ்சிவப்பில் எழுதியிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் பட்ட எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டபடி பெட்டி பெட்டியாக நடந்தேன். கிள்ளானில் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மூன்றாவது குழு, தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து உணவகங்களில் வேலை பார்ப்பவர்கள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து இரவுக் கூட்டம் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் மூன்று முதல் ஐந்து மணி வரைதான் அவர்களுக்கு ஓய்வு. துணிக்கடைக்கு மேலே இருந்த ஒரு மாடி அறையில் ஏழு பேர் வந்தார்கள். என் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. இந்தக் குழுவில்தான் எனக்குப் பயமில்லாமல் இருந்தது. இங்கே தப்பு வராது என்று நினைத்தேன்.

ஒரே விடுதியில் சேர்ந்து தூங்குகிறவர்களைக் குழுவாக உட்காரவைப்பது சிக்கலான வேலை. இங்கே சொன்னது ராத்திரி அங்கே கேலியாகிவிடும். அதனால் விதியை நிதானமாகச் சொன்னேன். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். ஒரே ஒரு விலக்கு: யார் உயிருக்காவது ஆபத்து என்று பட்டால் வெளியே உதவி கேட்பேன். அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

அதில் ஒருவர் செல்லதுரை. முப்பத்தெட்டு வயது, அறந்தாங்கிப் பக்கம், ஓர் உணவகத்தில் பரோட்டா மாஸ்டர். ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கிளம்பும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். ஊரில் தம்பி இறந்துபோனதை, இவர் போக முடியாததை, மாவு பிசைந்த கையோடு போனில் காரியத்தைப் பார்த்ததை. மற்ற ஆறு பேரும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள்.

“அதுலருந்து ஒண்ணும் பிடிக்கல சார். ஊருக்கும் போக வேணாம், இங்கயும் இருக்க வேணாம், அப்படியே இல்லாம போயிட்டா என்னன்னு தோணுது. தெனமும் தோணுது.”

மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரோடு தனியாக இருந்தேன். இப்படிச் சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நேராகவே கேட்டேன். வேறு யாருக்காவது இது தெரியுமா என்றும் கேட்டேன்.

“பாஸ்கிட்ட சொல்லியிருக்கேன். அவருக்கு எல்லாம் தெரியும்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. டீ குடுத்து உக்கார வெச்சாரு. நல்ல மனுசன் சார்.” பிறகு, “வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது. மலரு தாங்க மாட்டா,” என்றார். மலர் அவர் மனைவி.

தேவிகாவின் எண்ணைக் கொடுத்தேன். மறுநாள் மூன்று மணிக்கு இதே அறைக்கு வருவதாக உறுதி சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினார். நான் படியிறங்கி ஒரு கடையில் உட்கார்ந்தேன். தேநீர் ஆறிப்போனது. அவர் இப்போது அடுப்படியில் தனியாக இருப்பாரா, யாராவது பக்கத்தில் இருப்பார்களா என்று மனம் அடித்துக்கொண்டது. போன் செய்தேன், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாதாம். முதலாளிக்குத்தான் எல்லாம் தெரியுமே, இன்றைக்கு ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று தோன்றியது. உணவகத்தின் எண் இணையத்திலேயே இருந்தது. ஆறு மணிக்கு அழைத்தேன்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். பிறகு, “என்கிட்ட அவன் ஒண்ணும் சொல்லலயே,” என்றார். பழி வரும் என்று மழுப்புகிறார் என நினைத்துக்கொண்டேன். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அடுத்து தேவிகாவுக்கு போன் செய்து விவரம் சொன்னேன். அவர் குறுக்கே கேட்டார்.

“எந்த பாஸ், சார்?”

“அவருடைய பாஸ்தான். முதலாளி.”

“சார், அந்தக் கடைல முதலாளிய எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. பாஸ்னா இங்க யார் வேணாலும். பேர் தெரியாத ஆளெல்லாம் பாஸ்தான் லா.”

ஆறு பேர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது பெருமைப்பட்டவன், ஏழாவது ஆள் சொன்னதும் அதை அகராதியில் இருக்கிற மாதிரியே எடுத்துக்கொண்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன் என்று ஏழு பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் யாரிடம் சொன்னார் என்றுகூடக் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு முதலாளியே தேவிகாவை அழைத்தார். கெட்டவரில்லை, பயந்துபோன மனிதர். அவர் நேற்றே செல்லதுரையை அடுப்படியிலிருந்து மாற்றி மேசை துடைக்கவிட்டிருக்கிறார். விடுதியில் இருந்த எல்லோரிடமும், இவன்மேல் ஒரு கண் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்ததும் கோப்பில் இருந்த எண்ணைப் பார்த்து மலருக்கே போன் செய்துவிட்டார். அது தெரிந்ததும் செல்லதுரை போனைப் பாயிலேயே போட்டுவிட்டு வெளியே போயிருக்கிறார். திரும்பவில்லை.

தேவிகா இரவல் காரில் வந்தார். பசியாறிட்டீங்களா என்று கேட்கவில்லை. நேராகக் காவல் நிலையம் போய், முதலாளி அனுப்பியிருந்த செல்லதுரையின் படத்தைக் கொடுத்துச் சொன்னோம். பிறகு பேருந்து நிலையம், கோயில், ஆற்றங்கரை. ஒவ்வொரு இடத்திலும் நான் பார்க்கப் பயந்துகொண்டே பார்த்தேன். வழியில் ஒன்றிரண்டு தடவை மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னேன். “அப்புறம் சார். மொதல்ல ஆள பாப்போம்,” என்றார்.

முதலாளியிடம் எண்ணை வாங்கி மலர் தேவிகாவுக்கு போன் செய்தபடியே இருந்தார். நான்காவது தடவை தேவிகா போனை என்னிடம் நீட்டினார். எடுத்தேன். அந்தப் பெண் அழவில்லை. “நீங்கதானே சார் கண்டுபிடிச்சது? நீங்களே கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க,” என்றார். போனைத் தேவிகாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

தொழிலாளர் விடுதியில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சக தொழிலாளியிடம் தேவிகா, செல்லதுரை யாரையாவது பாஸ் என்று சொல்வாரா என்று கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை.

“பீசாங் கோரேங் பாஸா? காப்பாருக்குச் சாப்பாட்டு வேன் போகும்ல, திரும்பும்போது ரோட்டோரம் ஒரு வாழைப்பழ பஜ்ஜிக் கடைல நிப்போம். இவரு அங்கதான் உக்காந்து பேசிட்டிருப்பாரு.”

காப்பார் சாலையில் லாரிகள் இடித்துக்கொண்டு போயின. தேவிகா ஒன்றைக்கூட முன்னால் விடவில்லை. பதினொன்றரைக்கு அந்தக் கடையைப் பார்த்தோம். தகரக் கூரை, ஒரு பெரிய வாணலி, மாவில் முக்கிய வாழைப்பழம். அறுபது வயது மலாய்க்காரர் ஒருவர் நீளக் கரண்டியோடு நின்றிருந்தார். கூரைக்குப் பின்னால், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து செல்லதுரை பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

தேவிகா கடைக்காரரிடம் மலாயில் பேசி எனக்குச் சொன்னார். செல்லதுரை எட்டரைக்கு வந்தாராம். ரொம்ப அழுதாராம். இவர் தேநீர் கொடுத்து, கையில் வேலை இருந்தால் மனம் அலையாது என்று பழத்தைக் கொடுத்தாராம். நான்கு மாதமாக வருகிறார், வந்தால் பேசுவார், நான் ‘யா, யா’ என்று கேட்டுக்கொள்வேன் என்றாராம்.

“இவருக்குத் தமிழ் தெரியுமா?” என்றேன்.

“ஒரு வார்த்த தெரியாது சார்.”

கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு தேவிகாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். தேவிகா உடனே எனக்குச் சொல்லவில்லை. செல்லதுரையிடம் போனார்.

“அண்ணே, அவரு கேக்கறாரு, நாலு மாசமா நீங்க என்ன சொல்லிட்டிருக்கீங்கன்னு. வீட்ல யாருக்காச்சும் நோயான்னு. நான் சொல்லவா?”

செல்லதுரை பழத்தை உரித்து முடித்தார்.

“வேணாம்க்கா. அவருக்குத் தெரிய வேணாம்.”

தேவிகா கடைக்காரரிடம், அது அவருடைய சொந்த விஷயம் என்று மட்டும் சொன்னார். அவர் ‘யா, யா’ என்று சொல்லிவிட்டு வாணலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எழுந்து போய் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். செய்த தப்பை மறைக்காமல் சொன்னேன். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்காமல் விட்டதை, உங்களிடம் சொல்லாமல் போன் செய்ததை, அதனால் மலருக்குப் போய்ச் சேர்ந்ததை. அவர் என்னைப் பார்க்கவில்லை.

“நாலு மாசமா தமிழ் தெரியாதவர்கிட்ட பேசிட்டிருந்தேன் சார். நீங்க தமிழ் தெரிஞ்சவருன்னுதான் உங்ககிட்ட சொன்னேன்.”

தேவிகா தன் போனில் மலரை அழைத்துச் செல்லதுரையிடம் கொடுத்துவிட்டு என்னைச் சாலைப் பக்கம் கூட்டிப்போனார். செல்லதுரை வெகுநேரம் ‘ம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது சாலை வரை கேட்டது. கடைசியில் “சாப்டேன், சாப்டேன்” என்றார்.

அன்று மதியமே அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் நிதானமாகப் பேசி மருந்து எழுதினார், வாராவாரம் வரச் சொன்னார். முதலாளி ஒரு மாதம் ஊருக்குப் போய் வர விடுப்புக் கொடுத்தார். இதெல்லாம் தேவிகா செய்தது. நான் கூடவே போனேன், அவ்வளவுதான்.

ஏழாம் நாள் மறுபடி கிள்ளான் குழு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. குழுவிடம் மன்னிப்புக் கேட்க நான்கு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். துணிக்கடை வாசலில் தேவிகா என்னை நிறுத்தினார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு நான் மட்டும் நடத்தறேன். அவங்க கேட்டுக்கிட்டாங்க.”

“சரி,” என்றேன். எழுதியதை அவரிடம் கொடுத்தேன், வாசித்துவிடுங்கள் என்று. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். சிலர் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், சிலர் சொல்லவில்லை. ஆறு பேர் போயாகிவிட்டது. மூன்றே கால் ஆனது. செல்லதுரை வருவாரா, இனிமேல் இந்த மாதிரி ஓர் அறைக்குள் எப்போதாவது வருவாரா என்று கீழ்ப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்குக் கீழே செருப்புச் சத்தம். செல்லதுரை வந்தார். தலைக்குக் குளித்து, சட்டை மாற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு படி கீழே நின்றார்.

“உள்ள போகலயா சார்?”

“இல்ல. இன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னாங்க.”

“நான்தான் சொன்னேன்,” என்றார்.

நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர் ஏறிப் போய்ச் செருப்பை வரிசையாகக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, அவர் குரல். என்ன பேசுகிறார் என்று புரியாத தூரத்துக்கு நான் படியிறங்கிப் போய் உட்கார்ந்தேன்.